முழங்காலிட்டு நீர் ஊற்றியவள்

அந்தப் படத்தை எனக்கு யாரும் அனுப்பவில்லை. என் வீட்டுக்காரருடன் ஜாம்பியாவில் வேலை செய்யும் கம்ப்ரசர் ஆபரேட்டர் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார். இவர் போனில் சார்ஜ் இல்லாத நாளில் அவர் போனிலிருந்துதான் என்னோடு பேசுவார். அதனால் அந்த எண்ணைப் பதிந்து வைத்திருந்தேன். வைகாசி மாதம் ஒரு மத்தியானம், துணி காயப்போட்டுவிட்டு வந்து ஃபேனுக்கடியில் உட்கார்ந்து போனைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கண்ணில் பட்டது.

ஒரு பெரிய மரத்தடி. சுற்றிலும் ஊர்க்கூட்டம். நடுவில் ஒரு மர முக்காலியில் என் வீட்டுக்காரர் உட்கார்ந்திருந்தார். இரண்டு கைகளையும் சேர்த்து முன்னால் நீட்டியிருந்தார். அவருக்கு எதிரே ஒரு பெண் முழங்காலிட்டிருந்தாள். இடுப்பில் நீலப் பறவைகள் போட்ட மஞ்சள் துணி, புதுசு, மடிப்புக்கூடக் கலையவில்லை. கையில் இருந்த பிளாஸ்டிக் ஜக்கைச் சாய்த்து அவர் கையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். தண்ணீர் கீழே ஒரு பேசினில் விழுந்தது. பக்கத்தில் ஒரு பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு சாட்சி மாதிரி நின்றார்.

எங்கள் பக்கத்தில் கல்யாணம் என்றால் தாலி கட்டினால் மட்டும் போதாது. மாப்பிள்ளை கைமேல் பெண்ணின் கையை வைத்து, பெண்ணைப் பெற்றவர்கள் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். தாரை வார்ப்பது என்று சொல்வோம். அந்தத் தண்ணீர் கீழே தட்டில் விழுந்துவிட்டால் பெண் அந்த வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பொருள். என் கல்யாணத்தில் மற்றதெல்லாம் புகையிலும் கூட்டத்திலும் மறந்துவிட்டது. அந்தத் தண்ணீர் சில்லென்று விழுந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

ஆகவே நீட்டிய கை, ஊற்றுகிற தண்ணீர், கோடித் துணி, சாட்சிக்கு ஒரு பெரியவர், சுற்றி ஊர் என எல்லாவற்றையும் ஒன்றாகப் பார்த்த எனக்கு வேறொருவர் வந்து விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

இங்கே பெற்றவர்கள்தானே ஊற்றுவார்கள், அங்கே பெண்ணே ஊற்றுகிறாளே என்று ஒரு கணம் நினைத்தேன். உடனே நானே சமாதானமும் சொல்லிக்கொண்டேன். முறை ஊருக்கு ஊர் மாறும். எங்கள் பக்கம் மாப்பிள்ளையின் அக்கா தங்கை வந்து இணைச்சீர் செய்வதை ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்கள் அதிசயமாகப் பார்ப்பார்கள். சேலத்தில் அஸ்தம்பட்டியில் என் தங்கை வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு முஸ்லிம் குடும்பம் உண்டு. அவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு நானும் போயிருக்கிறேன். பெண் உள்ளே ஓர் அறையில், மாப்பிள்ளை வெளியே சபையில். பந்திக்குக் கூப்பிட்ட பிறகுதான் கல்யாணம் முடிந்துவிட்டது என்றே எனக்குத் தெரிந்தது. பக்கத்து ஊரிலேயே இப்படி என்றால் கடல் தாண்டிய ஊரில் எப்படியும் இருக்கலாம்.

மறுநாள் அந்த ஸ்டேட்டஸ் மறைந்துவிட்டது. எப்படி எடுத்து வைப்பது என்று எனக்குத் தெரியாது. மகளைக் கேட்டால் எதற்கு என்று கேட்பாள். படம் போனதும்தான் அது இன்னும் பெரிதாயிற்று. கண்ணை மூடினால் அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். கழுத்தில் ஒரு மாலைகூட இருந்தது.

என் வீட்டுக்காரர் போர்வெல் போடும் ரிக் வண்டியில் டிரில்லர். திருச்செங்கோட்டில் எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவராவது ரிக் வண்டியில் இருப்பார்கள். கல்யாணமான புதிதில் ஆந்திரா, பிறகு மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று போவார். மழைக்காலத்தில் வண்டியோடு வந்து சேர்வார். ஜாம்பியா போனது பின்னால்தான். நான் பத்தாம் வகுப்பு வரை படித்தவள். கூட்டத்தில் பேச வராது. கடையில் மீதிச் சில்லறை தப்பாகக் கொடுத்தால்கூடத் திரும்பக் கேட்கமாட்டேன். அவரிடம் மட்டும் எப்படிக் கேட்பேன்?

எதிர்வீட்டு அம்மாவுக்கு இந்தக் கூச்சமெல்லாம் கிடையாது. முன்பெல்லாம் அவர் சொன்னதைக் கேட்டு நானும் சிரித்திருக்கிறேன்.

"ரிக் வண்டிக்காரனுக்கு என்ன கொறச்சல்? போர் போட்ட ஊர்ல எல்லாம் ஒரு ஊடு. தண்ணி வந்த ஊர்ல ரெண்டு ஊடு."

இப்போது அது சிரிப்பாக இல்லை. ஏனென்றால் ஆவணியில் மகளுக்குக் கல்யாணம் முடிவாகியிருந்தது. மாப்பிள்ளை வீடு சங்ககிரிப் பக்கம். மணவறையில் மகள் கைமேல் இவர் கையை வைக்க, நான் செம்பிலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும். புருசன் பெண்டாட்டி சேர்ந்து செய்ய வேண்டிய சீர் அது. இன்னொருத்தி ஏற்கெனவே நீர் வார்த்த கையின் மேல் நான் எப்படி ஊற்றுவேன்? ஊற்ற மாட்டேன் என்றால் அத்தனை பேர் முன்னால் என்ன காரணம் சொல்வேன்? ராத்திரி பகல் என்று பாராமல் இதுதான் ஓடியது.

ஒருநாள் சாயங்காலம் அவர் கூப்பிட்டபோது சுற்றி வளைத்துப் பார்த்தேன்.

"சாப்டாச்சுங்களா?"

"ஆச்சு புள்ள. களி. இங்க மக்காச்சோள மாவுல கிண்டறாங்க. நம்ம சோளக்களியாட்டந்தான், ஆனா வெள்ள வெளேர்னு இருக்கும்."

"ஆரு கிண்டிக் குடுத்தாங்க?"

"கேம்புல சமையக்காரரு இருக்காருல்ல."

"அவுரு அரிசிச் சோறுதானுங்க ஆக்குவாரு. களி எப்பக் கத்துக்கிட்டாரு?"

"ஊருக்காரங்க குடுத்தாங்க. என்ன இன்னிக்கி வக்கீலாட்டம் கேக்கறே?"

அவராகவே தொடர்ந்தார்.

"இங்க ஒரு பழக்கம் பாரு. பொம்பளைங்க ஆருக்குத் தண்ணி குடுத்தாலும் மண்டி போட்டுத்தான் குடுக்கறாங்க. வயசான ஆம்பளைங்களப் பாத்தா நின்னுக்கிட்டுப் பேசறதே இல்ல. ஒரு சாமானக் குடுத்தா வாங்கறதுக்கு முன்னால கையக் குழிச்சு மெதுவாத் தட்டறாங்க. நமக்குத்தான் கூச்சமா இருக்குது."

கேட்காத கேள்விக்கு இவர் ஏன் பதில் சொல்கிறார்? ஸ்டேட்டஸை நான் பார்த்துவிட்டது தெரிந்துதான் முன்கூட்டியே மண் அணை போடுகிறார் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. ஸ்டேட்டஸை யார் யார் பார்த்தார்கள் என்று வைத்தவருக்குத் தெரியுமாம். மகள் ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

"அப்படிங்களா" என்று மட்டும் சொன்னேன்.

ஆடியில் வந்து சேர்ந்தார். இளைத்துக் கறுத்திருந்தார். பெட்டியைத் திறந்து மகளுக்கு ஒரு கைப்பை, எனக்கு ஒரு துணி என்று எடுத்து வைத்தார். துணியை விரித்துப் பார்த்தேன். மஞ்சள் துணியில் நீலப் பறவைகள்.

"நல்லாருக்கா?"

"நல்லாருக்குதுங்க."

அவர் குளிக்கப் போனதும் துணியை மோந்து பார்த்தேன். புதுத்துணி வாசம்தான் வந்தது. இருந்தாலும் பீரோவில் என் சேலைகளோடு வைக்க மனம் வரவில்லை. பழைய பத்திரிகையில் சுற்றிப் பரணில் போட்டேன்.

அன்று மத்தியானம் இலை போட்டு ரசம் ஊற்றினேன். அவர் இரண்டு கைகளையும் குழித்துச் சேர்த்து, சத்தமே வராமல் இரண்டு தட்டுத் தட்டினார். பிறகுதான் சாப்பிட்டார். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏனப்பா, ரசம் நல்லாருக்குன்னு கை தட்டறீங்களா? இன்னும் வாயிலயே வெக்கலயே!"

அவருக்கு வெட்கமாகிவிட்டது. "கை பழகிப்போச்சு சாமி. அங்க இப்படித்தான்."

தண்ணீர் டம்ளரைக் கொடுத்தால் இரண்டு கையாலும் வாங்கினார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் என்னிடமிருந்து ஒரு பொருளை இரண்டு கையால் வாங்கியது கிடையாது. பேப்பரைப் பார்த்தபடி ஒரு கையை நீட்டுவார், நான் அதில் வைப்பேன். புதிதாக வந்த மரியாதை எனக்குச் சந்தோஷம் தரவில்லை. ஒரு பழக்கம் கையில் இந்த அளவுக்கு ஊற வேண்டுமென்றால் தினமும் மூன்று வேளை யாரோ முன்னால் உட்கார்ந்து பரிமாறியிருக்க வேண்டும். கேம்ப் சமையல்காரருக்கா கை தட்டியிருப்பார்?

நான் ஒன்றும் குறைவைக்கவில்லை. வேளைக்குச் சோறு, வெந்நீர், துவைத்த துணி எல்லாம் நடந்தது. ஆனால் அவர் தூங்கும்போது அவர் கையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கையில் என்ன தெரியப்போகிறது? கிரீஸ் கறைதான் தெரிந்தது.

கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்ததும் எனக்கு ஒரு வழி கிடைத்தது. அந்தக் கம்ப்ரசர் ஆபரேட்டரின் வீடு சேந்தமங்கலத்தில் இருக்கிறது. அவர் இன்னும் ஜாம்பியாவில்தான் இருந்தார். அவர் மனைவிக்கு நானே போய்ப் பத்திரிகை வைத்து வருகிறேன் என்றேன். தனியாகப் பஸ் ஏறிப் போகாதவள் போகிறேன் என்றதும் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"போன்ல சொன்னாப் போதுமே. எதுக்கு அவ்வளவு தூரம்?"

நான் போவதை இவர் ஏன் தடுக்கிறார் என்று அதையும் ஒரு பக்கமாக எடுத்து வைத்துக்கொண்டேன்.

நாமக்கல்லில் பஸ் மாறிச் சேந்தமங்கலத்தில் இறங்கினேன். கொல்லிமலை வீட்டுக் கூரைகளுக்கு மேலே கிட்டத்தில் நின்றது. வழி கேட்டுப் போய் அந்த வீட்டு வாசலில் நின்றேன். நிலையில் திரைச்சீலையாகத் தொங்கியது, மஞ்சள் துணியில் நீலப் பறவைகள்.

திரையை விலக்கிக்கொண்டு வந்தவள் என்னைவிட இளையவள். போனில் இரண்டு மூன்று முறை பேசியிருக்கிறோம்.

"அக்கா! வாங்க வாங்க. என்னங்கக்கா தெரையவே பாத்துக்கிட்டு நிக்கறீங்க? நீங்களும் இப்படித்தான் தெச்சுப் போட்டீங்களா? ஊருக்கு வந்த இன்னொருத்தருகிட்டக் குடுத்து உட்டு, சேலைக்குப் பதிலாச் சுத்திக்கச் சொன்னாரு. சுத்திக்கிட்டுக் கடைக்குப் போனா ஊரே கூடிருமுன்னு நெலைக்குப் போட்டுட்டேன்."

"எல்லாருக்குமே இதே துணிங்களா?"

"வண்டில இருக்கறவங்க அத்தன பேரும் ஒரே சந்தைல ஒட்டுக்கா வாங்குனாங்களாம். தீவாளிக்கு ஒரே பீஸ்ல வாங்கி அண்ணந்தம்பிக்கெல்லாம் சட்ட தெப்பாங்கல்ல, அந்தக் கத. அந்த ஊர்ல இந்த வருசம் பாதிப் பேரு இதத்தான் கட்டியிருக்கறாங்களாம்."

பரணில் கிடக்கும் துணி நினைவுக்கு வந்தது. அப்போதும் என் சந்தேகம் முழுசாக நகரவில்லை. துணி ஒன்றாக இருக்கலாம், தண்ணீர்?

காப்பி குடித்தோம். பத்திரிகையை வைத்தேன். எப்படிக் கேட்பது என்று நான் டம்ளரையே உருட்டிக்கொண்டிருந்தேன். அவளே போனை எடுத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். புருசன் அனுப்பிய படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள். வண்டி, கேசிங் பைப் அடுக்கு, ஒரு ஆட்டுக்குட்டி, புளியமரம் மாதிரி ஒரு மரம். அடுத்த படத்தில் அதே மர முக்காலி. அதே பெண் முழங்காலிட்டிருந்தாள். ஆனால் முக்காலியில் கைநீட்டி உட்கார்ந்திருந்தது இவள் புருசன்.

"இது... ஆருங்க கண்ணு?"

"அதாங்கக்கா, தண்ணி ஊத்துன பொண்ணு."

அடுத்த படம். முக்காலியில் சமையல்காரர். அடுத்தது வண்டி டிரைவர். அதற்கடுத்தது என் வீட்டுக்காரர்.

இத்தனை ஆண்களை வரிசையாக உட்காரவைத்து ஒரே மத்தியானத்தில் கட்டிக்கொள்ளும் பெண் எந்த நாட்டிலும் இருக்கமாட்டாள். அதுவும் அந்தச் சமையல்காரருக்குப் பேரன் இருக்கிறான்.

அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டாள்.

"அக்கா. நீங்க வேற என்னமோ நெனச்சுட்டுத்தான பஸ் ஏறி வந்தீங்க?"

"இல்ல கண்ணு... தாரை வாக்கறாங்களோன்னு..."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "எங்கூட்டுக்காரரு படத்த அனுப்புனப்ப எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. ஆனா நான் உங்களாட்டம் மனசுல போட்டு வெக்கல. போனப் போட்டு, 'ஆருடா அவ, உங்கையில தண்ணி ஊத்தறவ'ன்னுதான் ஆரம்பிச்சேன். பக்கத்துல இருந்தவங்க எல்லாம் கேட்டுட்டாங்களாம்."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே என் வீட்டுக்காரர் படத்தை மறுபடி காட்டச் சொன்னேன். கழுத்தில் மாலை இல்லை. அவர் அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை. தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊசிக்குக் கை நீட்டுகிறவர் முகம் மாதிரி இருந்தது.

"இவரு ஏன் இப்படி முழிக்கறாரு?"

அவள் சிரிப்பு நின்றது. "உங்ககிட்டச் சொல்லவே இல்லீங்களா?" என்றாள். பிறகு, "சொல்ல வேண்டாமுன்னு எல்லார்த்துகிட்டயும் சொல்லி வெச்சிருந்தாராம். நான் சொன்னேன்னு சொல்லீறாதீங்கக்கா" என்று ஆரம்பித்தாள்.

ரிக் வண்டிக்காரர்கள் புது இடத்தில் வண்டியை நிறுத்தினால் பூஜை போடாமல் துளை போடும் ராடை இறக்கமாட்டார்கள். டயருக்கு எலுமிச்சம்பழம் வைப்பார்கள். பூசணிக்காயை வெட்டி உள்ளே குங்குமத்தைக் கொட்டி, கற்பூரம் ஏற்றி வண்டியைச் சுற்றி, தரையில் போட்டு உடைப்பார்கள். அங்கும் அப்படியே செய்திருக்கிறார்கள். ஊர்க்காரர்கள் தள்ளி நின்று பார்த்திருக்கிறார்கள். மண்ணில் சிவப்புச் சிவப்பாகச் சிதறியது. அதே இடத்தில் துளை போட்டார்கள். தண்ணீர் பீறிக்கொண்டு வந்தது. செம்மண் பூமி, அதனால் முதல் தண்ணீர் சிவப்பாக வந்தது.

கூட்டம் பின்வாங்கிவிட்டது. பிறகு தண்ணீர் தெளிந்து கண்ணாடி மாதிரி வந்தபோதும் ஒருவரும் குடத்தைக் கொண்டுவரவில்லை. பெண்கள் பழையபடி தூரத்து ஓடைக்கே போனார்கள். வெளியூர்க்காரர்கள் எங்கள் மண்ணில் எதையோ பலி கொடுத்து ஊற்றிவிட்டார்கள், அது தண்ணீரில் வருகிறது என்று பேச்சு. கடைசியில் ஊர்ப் பெரியவர் ஒரு முடிவு சொன்னாராம். ஊற்றியவர்கள் முதலில் அந்தத் தண்ணீரில் கை கழுவட்டும், அதையே குடிக்கட்டும், ஊர் பார்க்கட்டும் என்று. அந்தப் போருக்குப் பொறுப்பாக ஊர் நியமித்திருந்த பெண்தான் ஒவ்வொருவருக்கும் ஊற்றினாள். கைகழுவத் தண்ணீர் ஊற்றுவது அங்கே முழங்காலிட்டுத்தான். சந்தேகப்பட்டு ஊற்றும்போதும் அவள் நின்றுகொண்டு ஊற்றவில்லை.

"மொதல்ல உங்கூட்டுக்காரரத்தான் உக்கார வெச்சாங்களாம். ஏன்னா குங்குமம் அவரு பையில இருந்ததுதானாம்."

அந்தக் குங்குமம் நான் கொடுத்தது. மலைக்கோயிலுக்குப் படியேறிப் போய் வாங்கி, மஞ்சள் துணியில் முடிந்து அவர் பெட்டியில் வைத்தேன். எந்த ஊரில் வண்டி நின்றாலும் இதைத்தான் பூசணியில் போட வேண்டும் என்று சொல்லியும் அனுப்பினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஊருக்குத் தெரியாத பாஷை பேசுகிற ஆட்கள் வந்து, கிணற்று மேட்டில் எதையோ வெட்டிச் சிவப்பை ஊற்றி, அதன்பின் தண்ணீர் சிவப்பாக வந்திருந்தால் நாங்கள் குடித்திருப்போமா? முக்காலி போட்டுக் கைகழுவச் சொல்லியிருக்கமாட்டோம். கட்டிவைத்துப் போலீசைக் கூப்பிட்டிருப்போம்.

வீட்டுக்கு வந்தபோது அவர் வாசலில் பந்தல்காரரோடு பேசி அனுப்பிவிட்டு நின்றார்.

"என்ன, பத்திரிக்க வெச்சாச்சா?"

"வெச்சாச்சுங்க. குங்குமத்தப் பத்திச் சொல்லவே இல்லியே நீங்க?"

அவர் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மறுபடி எடுத்து வேறு பக்கம் வைத்தார்.

"சொன்னா நீ வெசனப்படுவே. சாமி குங்குமத்தப் போயி இப்படிச் சொல்லிட்டாங்களேன்னு."

"என்ன கேட்டாங்க?"

"அது என்ன செவப்புன்னு கேட்டாங்க. குங்குமத்துக்கு இங்கிலீசுல என்ன பேருன்னு எனக்கெங்க தெரியுது? நெத்தியத் தொட்டுக் காமிச்சேன். பொண்டாட்டி குடுத்து உட்டதுன்னேன். எங்க வண்டில அந்தூரு வேலையாளு ஒருத்தரு இருந்தாரு, அவருதான் அவுங்க பாஷைல சொன்னாரு. ஒடனே அந்தப் பொண்ணு, அந்தம்மா எதுக்கு எங்க மண்ணுக்குச் செவப்புப் பொடி அனுப்பறாங்கன்னு கேட்டுது."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு குடுத்து உட்டதுன்னேன். அப்படின்னா அது எங்களுக்கு ஆகட்டுமான்னு கேட்டுச்சு புள்ள. கைய நீட்டிட்டேன்."

ஆயுத பூஜைக்கு மறுநாள் எங்கள் தெரு முழுக்க உடைந்த பூசணி கிடக்கும். கடைக்குப் போகும் மகளிடம் மிதித்துவிடாதே, சுற்றிப் போ என்று ஒவ்வொரு வருஷமும் சொல்வேன். மற்றவர்கள் உடைத்ததை நாங்கள் மிதிக்கமாட்டோம். எங்கள் வீட்டுப் பூசணியையும் நடுரோட்டில்தான் உடைத்துவிட்டு வருவோம். அது யாருக்கு ஆகட்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. பார்த்தே இராத ஒருத்தி என்னைத்தான் கேட்டிருக்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து அவள்மேல் சந்தேகப்பட்டபோது அவளும் அங்கே முழங்காலிட்டபடி என்மேல் சந்தேகப்பட்டிருக்கிறாள். அவள் சந்தேகம்தான் கொஞ்சம் நியாயமானது.

"பொறவு குடிச்சாங்களா?"

"நாங்க குடிச்சு மூணு பொழுது பாத்தாங்க. ஆரும் சாகலேன்னதும் கொடம் கொண்டாந்தாங்க. அப்பறந்தான் கோழி அடிச்சுக் களி குடுத்தாங்க. அடுத்த வண்டிக்குப் பூச போடறதா இருந்தா மொதல்ல எங்ககிட்டச் சொல்லிட்டுப் போடுங்கன்னாங்க."

போனில் சொன்ன களி அதுதான் என்று அப்போது புரிந்தது. இந்தக் கை தட்டுகிற பழக்கம் எப்படி இந்த அளவுக்கு ஒட்டிக்கொண்டது என்று மட்டும் எனக்கு இன்னும் சரியாக விளங்கவில்லை. கேட்டேன். "தட்டலேன்னா மரியாத தெரியாதவன்னு நெனப்பாங்க, பயந்து பயந்து தட்டிப் பழகிட்டேன்" என்றார். இருக்கலாம். பரணிலிருந்து துணியை எடுத்து உதறி பீரோவில் வைத்தேன். சேலைகளுக்கு நடுவில் வைக்கவில்லை, கீழ்த்தட்டில் வைத்தேன்.

கல்யாணத்தன்று மணவறையில் தாலி ஏறியதும் சீர் செய்கிற பெரியவர் எங்களைக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கைமேல் மகள் கை. "அப்பன் கைய மேல வெய்யுங்க. அம்மா தண்ணி ஊத்துங்க" என்றார். செம்பில் எங்கள் வீட்டுப் போர்த் தண்ணீர் இருந்தது. தூக்கிக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் செம்பையே பார்த்துக்கொண்டிருந்தார், படத்தில் பார்த்த அதே முகம். நான் ஊற்றப் போகிறேனா இல்லையா என்று அவருக்குமே சந்தேகம் இருந்திருக்கும்போல. நான் எதை எண்ணிச் சேந்தமங்கலம் போனேன் என்று அவரிடம் சொல்லியிருக்கவில்லை. சேந்தமங்கலத்துக்காரி தன் புருசனிடமும், அவர் இவரிடமும் சொல்லாமல் இருந்திருப்பார்களா?

நான் செம்பைச் சாய்க்கும் முன் அவர் கையை எடுத்தார். இரண்டு கைகளையும் குழித்துச் சேர்த்து என்னைப் பார்த்து மெதுவாக இரண்டு தட்டுத் தட்டினார். பிறகு மகள் கைமேல் வைத்தார். நான் ஊற்றினேன். செம்பு காலியாகும்வரை ஊற்றினேன்.

மேளச் சத்தத்தில் மற்றவர்கள் கவனித்தார்களோ என்னவோ, மாப்பிள்ளையின் அம்மா கவனித்துவிட்டார். நகர்ந்து வந்து என் காதருகே குனிந்தார்.

"ஏனுங்க சம்பந்தி, உங்கூட்டுக்காரரு எதுக்குங்க கையத் தட்டுனாரு? ஏதாச்சும் வேண்டுதலுங்களா? இல்ல வேற ஏதாச்சுமுங்களா?"

அத்தனை பேர் நடுவில் எனக்கு வாய் வராது என்றுதான் நினைத்தேன். வந்துவிட்டது.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க. தண்ணி ஊத்தறவங்களுக்குக் குடுக்கற மரியாதைங்க அது. ஜாம்பியாவுல அப்படித்தானுங்க."

"ஜாம்பியாவுலயா?"

சம்பந்தியம்மா என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரரைப் பார்த்தார். தட்டில் தேங்கியிருந்த தண்ணீரையும் ஒருமுறை பார்த்தார். பிறகு சிரித்த முகம் மாறாமலே தன் பட்டுச்சேலை முந்தானையை எடுத்து, மகனுடைய ஈரக்கையை விரல் விரலாக நன்றாகத் துடைத்துவிட்டார்.

எனக்குக் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் நான் இருந்தாலும் துடைத்திருப்பேன்.